விழுபவனின் திறமை

மாணவர்களே, ஒருநாள் எனது வகுப்பில் இருவர் வாதிட்டனர். பொருள், 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த மூன்றாவது ரெசில்மேனியா. பேருருவம் கொண்ட அண்ட்ரேயைத் தூக்கி வீழ்த்திய ஹல்க் ஹோகனே வீரர் என்றான் ஒருவன். ராண்டி சவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஒவ்வோர் அசைவையும் திட்டமிட்டு ஆடியதே திறமை என்றான் மற்றவன்.

"எல்லாம் நடிப்பு! புத்தகத்தை எடுங்கள்" என அதட்டினேன்.

"முடிவுதான் சேர் நடிப்பு, விழுகிற உடம்பு உண்மைதானே?" என இருவரும் ஒருமித்துக் கேட்டனர். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பின்னர் தேடிப் படித்தேன். அண்ட்ரே 1986இல் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அந்த முதுகோடுதான் தம்மைத் தூக்க இடங்கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் எனது பிழையை ஒப்புக்கொண்டேன். எதையும் இகழுமுன் அதனை அறிந்துகொள்ளுங்கள்.