அஞ்சு அரியர், ஒரு நீட் ஃபார்ம்

போன மாசம் காலேஜ் பஸ்ஸில் ஒரு ஜூனியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். செகண்ட் இயர், நம்ம ஈ.சி.ஈ.தான். திண்டிவனம் தாண்டும் வரைக்கும் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "அண்ணா, நீங்க நீட் எழுதினீங்களாமே? நானும் எழுதலாம்னு இருக்கேன். ஆனா நாலு அரியர் கெடக்கு. அரியர் இருந்தா மெடிக்கல் சீட் தரமாட்டாங்களாண்ணா?" என்றான்.

"அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்கடா" என்றேன். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதற்குள் எங்க ஊர் ஸ்டாப் வந்துவிட, இறங்கிவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறுத்தியது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் இதே பாதி உண்மையை நம்பித்தான் நான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். மீதிப் பாதியை அவனுக்காகவும், அவனைப் போல கடைசி பெஞ்சில் பயாலஜி புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்த டாக்டர் ஆசை வந்தது ஒன்பதாவது படிக்கும்போது. ஒரு ராத்திரி தாத்தாவுக்கு நெஞ்சு வலி. 108 வந்து முதலில் திண்டிவனம், அங்கிருந்து முண்டியம்பாக்கம். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் அங்கே வந்தது. அதற்கு முன்னாடி இந்த மாதிரி கேஸுக்கு பாண்டிச்சேரி ஜிப்மருக்குத்தான் ஓடணும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தாவின் ஈ.சி.ஜி. தாளை ஒரு இளம் டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, "இந்த மேடு ஒவ்வொண்ணும் ஒரு துடிப்பு. எண்ணு பாக்கலாம்" என்றார். எண்ணினேன். தாத்தா அப்புறம் ஆறு வருஷம் இருந்து, மல்லாட்டைக் கொல்லையில் என்னை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போனார்.

2023இல் பிளஸ் டூ முடித்தேன். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயோ-மேத்ஸ் குரூப். அந்த வருஷ நீட்டில் 720க்கு 187. தகுதி பெற்றேன், சீட்டுக்கு அது எங்கேயும் பற்றாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம், அரசு வைத்தது 7.5. அதற்கு ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கணும். நான் ஆறாவது மட்டும் திண்டிவனத்தில் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தேன். சித்தி வீடு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஏழாவதுக்கு ஊர்ப் பள்ளிக்கே வந்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தால் மருத்துவத்திலும் எனக்கு 7.5 இல்லை, பின்னால் எஞ்சினியரிங்கிலும் இல்லை. அம்மா இன்னும் சித்தியிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் பட்டதாரி சலுகையில் எஞ்சினியரிங் சேர்ந்தேன். "இது டெம்பரவரிதான்" என்று மனசுக்குள் ஒரு போர்டு மாட்டிக்கொண்டு வந்தேன். பாடம் ஆங்கிலத்தில் ஓடியது, பாதி புரியவில்லை. புரியாததும் வசதியாகப் போச்சு. நாம்தான் அடுத்த வருஷம் இங்கே இருக்கப் போவதில்லையே! கிளாஸில் என்.சி.இ.ஆர்.டி. பயாலஜி, ஹாஸ்டல் நண்பர்கள் ரூமில் கெமிஸ்ட்ரி. நீட்டின் 180 கேள்வியில் 90 பயாலஜி, அதாவது 720இல் 360. அதை முடித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ் ரெண்டிலும் 'யூ'. 'தமிழர் மரபு' தாளில் மட்டும் நல்ல கிரேடு. கவலைப்படவில்லை. ஏனென்றால் நீட் ஃபார்மை ஏற்கெனவே வரிக்கு வரி பார்த்திருந்தேன். பத்தாவது மார்க் கேட்கும், பிளஸ் டூ கேட்கும், போட்டோ, கையெழுத்து, விரல் ரேகை கூட கேட்கும். எஞ்சினியரிங்கில் எத்தனை அரியர் என்று ஒரு கட்டம்கூட அதில் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் ஸ்டாண்டிங் அரியர், ஹிஸ்டரி ஆஃப் அரியர் என்று ரெண்டு கட்டம் இருக்கும் நமக்கு, அந்த வெறுமை எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அமெரிக்காவில் இது நடக்காது. அங்கே மெடிக்கல் காலேஜுக்குப் போகுமுன் ஒரு டிகிரி முடிக்கணும். டிகிரியின் ஜி.பி.ஏ.யையும் எம்கேட் மார்க்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டிகிரியில் சொதப்பியவர்கள் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் அறிவியல் பாடங்களை எடுத்துப் படித்து, "நான் இப்ப மாறிட்டேன்" என்று மார்க்கால் காட்டிவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். பழைய மார்க்கும் அதே தாளில் பக்கத்திலேயே நிற்கும். நம் ஊரில் அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரெண்டு மணிக்குத் தொடங்கும் ஒரு பரீட்சை. அதற்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று கேட்கமாட்டார்கள். வயது உச்சவரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு அது பெரிய கருணையாகத் தெரிந்தது.

2024 மே மாதம் எழுதினேன். 331. முதலில் வந்த ரிசல்ட்டில் 67 பேர் 720க்கு 720 வாங்கியதாக ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நானும் நாலு நாள் சேர்ந்து கொதித்தேன். எல்லாப் பழியையும் அந்தப் பக்கம் தள்ளிவிட வசதியாக இருந்தது. பிறகு ரெண்டாவது செமஸ்டர் ரிசல்ட்டும் வந்தது. பழைய ரெண்டு அப்படியே நிற்க, ஸ்டேடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ், சர்க்யூட் அனாலிசிஸ், பிசிக்ஸ் ஃபார் எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் சேர்ந்துகொண்டன. மொத்தம் அஞ்சு.

காலேஜை விட்டுவிட்டு ஒரு வருஷ கோச்சிங் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ஃபீஸ் ஒரு லட்சத்துக்கு மேல். அப்பா கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "சரிடா, பணத்த எப்டியோ பெரட்டலாம். இந்தத் தபா மட்டும் இன்னா மாத்திப் படிக்கப் போற?" என்று கேட்டார். அப்பா எட்டாவது வரை படித்தவர். என்னிடம் பதில் இல்லை. "நல்லா படிப்பேம்ப்பா" என்றேன். "அதான் போன வருசமும் சொன்ன" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு சீனியர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நீட் ஓ.எம்.ஆர். இருக்கா? மேட்ரிக்ஸுக்கு போட்டோகாபி போட்டியே, அது இருக்கா? ரெண்டையும் எடுத்துனு வா" என்றார். ரீவேல்யூஷனுக்கு ஆசைப்பட்டு வாங்கின விடைத்தாள் நகல் அது. ரீவேல்யூஷனில் மார்க் மாறவில்லை. நகலை நான் அதற்கப்புறம் திறந்தே பார்க்கவில்லை.

மெஸ் டேபிளில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நீட்டில் 100 சரி, 69 தப்பு, 11 விட்டது. 400இலிருந்து 69 போக 331. தப்பு 69இல் 28 பிசிக்ஸ். பிசிக்ஸில் சரியானது வெறும் 14. அதாவது 45 கேள்விக்கு நான் எடுத்த மொத்த மார்க் 28. அடுத்து மேட்ரிக்ஸ் விடைத்தாள். எல்லாக் கணக்கையும் ஆரம்பித்திருந்தேன். நாலைந்து வரி ஒழுங்காகப் போயிருக்கிறது. பிறகு ஒரு குறி தப்பு, அதிலிருந்து ஐகன் வேல்யூ தப்பு, பக்கம் முழுக்க அடித்தல், அதோடு விட்டுவிட்டு அடுத்த கேள்வி.

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "கணக்க நீ எப்படிப் படிப்ப?"

"யூடியூப்ல சொல்யூஷன் பாப்பேண்ணா."

"பேனா?"

பேனா எடுத்ததே இல்லை. வீடியோவில் அவர் போடுவார், நான் தலையாட்டுவேன், புரிந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போவேன். நீட் பிசிக்ஸும் அப்படித்தான், மேட்ரிக்ஸும் அப்படித்தான், சர்க்யூட்டும் அப்படித்தான். எஞ்சினியரிங் பிடிக்காததால் அரியர், நீட் போட்டி ஜாஸ்தி என்பதால் சீட் இல்லை என்று ரெண்டு தனிக் கதையாக வைத்திருந்தேன். டேபிளில் கிடந்தது ஒரே கதை. ஃபார்மில் அரியருக்குக் கட்டம் இல்லைதான். ஆனால் அரியரை உண்டாக்கிய ஆள் அதே ஹால் டிக்கெட்டோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான்.

கோச்சிங் போகவில்லை. போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த வருஷம் வேறொரு இடத்தில் பழுது இருந்தது, அதை லட்ச ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அரியரையே பயிற்சிக் களமாக்கினேன். தினம் ஆறு கணக்கு, விடையை மூடி வைத்து, வெள்ளைத் தாளில். சிக்கினால் இருபது நிமிஷம் வரை விடையைப் பார்க்கக் கூடாது. முதல் மாசம் அழுகை வந்தது. அந்த இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தப்பாகப் போட்டதையெல்லாம் ஒரு தனி நோட்டில் தேதியோடு எழுதினேன். அந்த நோட்டில் கரெண்ட், மேக்னடிசம், கேபாசிட்டர் என்று நீட்டும் சர்க்யூட்டும் கலந்தே கிடக்கின்றன. எது எந்தப் பரீட்சைக்கு என்று பிரிக்கிற வேலையை விட்டுவிட்டேன். பயாலஜி மட்டும் தனியாக, காலையில் ஒரு மணி நேரம்.

அந்த நவம்பர், டிசம்பரில் அஞ்சில் மூணு க்ளியர், புதிதாக எதுவும் விழவில்லை. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் முதல் தடவையிலேயே பாஸ். ஈ.சி.ஜி.யும் ஒரு சிக்னல்தான் என்று மேடம் போர்டில் வரைந்தபோது, கிளாஸில் முதல்முறையாக முன் பெஞ்சுக்குப் போகணும் போலிருந்தது.

2025 மே 4. மூணு மணி நேரம், 180 கேள்வி. பிசிக்ஸ் கடுமை. வெளியே வந்த பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அகில இந்திய முதலிடமே அந்த வருஷம் 686தான். எனக்கு 386. 107 சரி, 42 தப்பு, 31 விட்டது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு வர எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. சீட் கிடைக்கவில்லை. எம்.பி.சி. பிரிவில் அரசுக் கல்லூரிக்கு அது போதவில்லை. தனியார் கல்லூரி பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த செமஸ்டரில் இன்னொரு அரியர் போனது. சர்க்யூட் அனாலிசிஸ் மட்டும் இன்னும் நிற்கிறது.

அடுத்த மே மாதமும் எழுதுவேன். அதற்குள் டிகிரியைத் தூக்கிப் போடமாட்டேன். ஐ.ஐ.டி. மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனமும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே, டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று படிக்கிற படிப்பு. இதய வால்வை இந்தியாவிலேயே செய்த நிறுவனம் அந்த ஸ்ரீ சித்திரா. அந்த மாதிரி இடங்களுக்குப் போகணும் என்றால் கேட் எழுதணும், டிகிரி மார்க்கும் பார்ப்பார்கள். அங்கே என் அஞ்சு அரியருக்குக் கட்டம் உண்டு. அது டாக்டர் ஆவதற்குச் சமம் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. தாத்தாவின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வேறு, அந்த மெஷினைச் செய்வது வேறு. ரெண்டில் எது கிடைத்தாலும் சந்தோஷம் என்று சொல்கிற பக்குவமும் இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் கேட்ட தம்பியைப் போன வாரம் கேன்டீனில் பிடித்தேன். காலேஜை விடட்டுமா வேண்டாமா என்று மட்டும் என்னைக் கேட்காதே, உன் போட்டோகாபியை முதலில் அனுப்பு என்றேன். முறைத்துக்கொண்டே போனான். ராத்திரி பதினொரு மணிக்கு பி.டி.எஃப். வந்தது. மேட்ரிக்ஸ்தான். மூணாவது பக்கத்தில் ஒரு மைனஸைக் கோட்டைவிட்டிருக்கிறான், அதற்கப்புறம் பக்கம் முழுக்க அடித்தல். பார்த்ததும் என் கையெழுத்தோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். அவன் அச்சரப்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் ஒலக்கூர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே வேப்பமரத்து நிழலில் பெஞ்ச் காலியாகத்தான் இருக்கும். பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு வா, இயர்போன் வேண்டாம் என்று மெசேஜ் போட்டேன். "சரிண்ணா, எத்தனை தாள்?" என்று கேட்டிருக்கிறான்.