திரும்பக் கட்டிய ஊர்கள்

பயணக் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. கோபுரத்துக்கு முன்னால் கணவன், கோபுரத்துக்கு முன்னால் மனைவி, கோபுரத்துக்கு முன்னால் இருவரும் என்று வாரப் பத்திரிகைகள் இதற்கு ஒரு அச்சு வைத்திருக்கின்றன. 2023 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் வெனிஸிலிருந்து வார்ஸா வரை ரயிலில் போனோம். கோபுரங்களுக்கு முன்னால் நாங்களும் நின்றோம். அதை எழுத உத்தேசமில்லை. ஒரு அபிப்ராயத்தை வழியில் இழந்துவிட்டு வந்தேன். எப்படி இழந்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அபிப்ராயம் இதுதான்: அழிந்துபோனதை இருந்தது மாதிரியே திரும்பச் செய்வது பொய். கவிதையில் இதை முப்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பழைய யாப்பைத் துடைத்து மினுக்கி இன்று எழுதுகிறவனிடம் அனுபவம் இல்லை, ஞாபகம் மட்டுமே இருக்கிறது என்று எழுதி, சில நண்பர்களையும் இழந்திருக்கிறேன். 2009இல் இதே அபிப்ராயத்தை ஒரு வீட்டு விஷயத்திலும் பிரயோகித்தேன். தாமிரபரணிக் கரையில் என் மனைவி பிறந்த வீட்டை அவளுடைய அண்ணன் விற்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர் இடிக்கத்தான் வாங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டைக் கேட்கவில்லை. முன்வாசல் நிலையையும் கதவையும் மட்டும் எடுத்து வந்து எங்கள் சென்னை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். 'இடத்தை விட்டுப் பெயர்த்த கதவு வெறும் அலங்காரம்' என்றேன். வாக்கியம் கச்சிதமாக இருந்தது. அவள் மேற்கொண்டு பேசவில்லை. கதவு வீட்டோடு போயிற்று.

வெனிஸில் ஸான் மார்க்கோ சதுக்கத்து மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நூற்றாண்டுகளின் கனம் என்பதாக ஏதோ யோசித்துக்கொண்டிருந்தேன். கைப்புத்தகத்தைப் பார்த்து அவள்தான் சொன்னாள். அசல் கோபுரம் 1902 ஜூலை 14 அன்று காலையில் தானாகவே சரிந்து விழுந்துவிட்டது. 'எங்கே இருந்ததோ அங்கே, எப்படி இருந்ததோ அப்படியே' என்று நகரசபை தீர்மானித்து, 1912இல் கட்டி முடித்தார்கள். என் நூற்றாண்டுகள் நூற்றுப் பதினோரு வருஷமாகச் சுருங்கின. சிரித்துக்கொண்டேன். என் அபிப்ராயத்துக்கு அது சாதகமான சாட்சியம்தான். சுற்றுலாக்காரனுக்காக நிற்கிற பிம்பம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்குப் பகல் முழுவதும் ரயில். ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் ஸெம்மரிங் பாதை 1854இல் திறந்தது. அதை அமைத்த எஞ்சினியர் கேகா வெனிஸில் பிறந்தவர். வியன்னாவில் எங்களுக்கு இன்னொரு வெனிஸ்காரன் கிடைத்தான். பெர்னார்டோ பெல்லோட்டோ. புகழ்பெற்ற கானலெட்டோவுக்கு மருமகன், சகோதரியின் மகன். மாமனிடம் தொழில் கற்று, வெளிதேசங்களில் மாமன் பெயரையே தன் பெயரோடு போட்டுக்கொண்டவன். இருட்டுப் பெட்டியில் ஊரின் நிழலை விழச்செய்து கோடு பிடிக்கிறவன். வியன்னா மியூசியத்தில் பெல்வெடேர் மாளிகையிலிருந்து தெரியும் நகரத்தை அவன் வரைந்த படம் இருக்கிறது. மறுநாள் அதே இடத்தில் போய் நின்று ஒப்பிட்டோம். ஸ்தூபிகளும் தோட்டமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அந்தக் காட்சியைக் கெடுக்கக்கூடிய உயர்ந்த கட்டிடத் திட்டம் ஒன்றை முன்னிட்டுத்தான் யுனெஸ்கோ 2017இல் வியன்னாவை ஆபத்திலிருக்கும் ஊர்களின் பட்டியலில் சேர்த்தது. ஊரைப் பார்த்துப் படம் வரைந்த காலம் போய், படத்தைப் பார்த்து ஊரைச் சரிபார்க்கும் காலம் வந்திருக்கிறது.

ப்ராகுக்கு நான் போனது காஃப்காவுக்காக. பழைய சதுக்கத்தை ஒட்டிய மூலையில் அவர் 1883இல் பிறந்த வீடு. அதன் முன் ஒரு யாத்ரிகனுடைய லட்சணங்கள் அனைத்தோடும் நின்றேன். என் மனைவி பக்கத்திலிருந்த விவரத்தைப் படித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

'வீடு 1897ல எரிஞ்சு போச்சாம். திரும்பக் கட்டினப்போ பழைய கல் நிலைய மட்டும் எடுத்து வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாலயா இவ்வளவு நேரம் நிக்கீங்க?'

குத்திக்காட்டும் தொனி இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். 2009இல் சொன்ன வாக்கியம் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் சதுக்கத்துக்குத் திரும்பினோம். மணிக்கூண்டுக் கடிகாரத்தில் பொம்மைகள் ஊர்வலம் வருவதைப் பார்க்கப் பெருங்கூட்டம். அந்த நகர மன்றக் கட்டிடத்துக்கு ஒரு பக்கம் இல்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில், 1945 மே 8இல் எரிந்துபோயிற்று. என்ன கட்டுவது என்று பல தடவை போட்டி வைத்தும் எதையும் கட்டவில்லை. புல்லும் மரங்களும் பெஞ்சுகளுமாகக் கிடக்கிறது. என் கட்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இல்லாததை இல்லை என்று விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில், இழப்பை அங்கே யாரும் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ராகிலிருந்து ட்ரெஸ்டன் போகும் ரயில் வழியின் பெரும்பகுதி எல்பா நதியை ஒட்டியே போகிறது. எல்லையைத் தாண்டினால் இரு கரையிலும் மணற்கல் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. ட்ரெஸ்டன் நகரத்தின் கல் இந்த மலைகளிலிருந்து ஆற்று வழியாகப் போனது. 1743இல் கட்டி முடித்த ஃப்ராவன்கிர்ஹ தேவாலயமும் இந்தக் கல்தான். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் ஏறக்குறைய 25,000 பேர் மாண்டார்கள். தேவாலயம் உடனே விழவில்லை. தீயில் வெந்து, 15ஆம் தேதி காலையில் விழுந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு கல்குவியல். கிழக்கு ஜெர்மனி அதை யுத்த ஞாபகமாக விட்டுவைத்திருந்தது. 1994இல் கட்ட ஆரம்பித்து 2005இல் திறந்தார்கள்.

போய்ப் பார்த்தால், வெளுத்த புதுச் சுவரில் அங்கங்கே கறுத்த கற்கள். இடிபாட்டில் ஒவ்வொரு கல்லும் எங்கே கிடந்தது என்று குறித்து, அதிலிருந்து அது எந்த உயரத்திலிருந்து விழுந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதே இடத்தில் திருப்பி வைத்திருக்கிறார்கள். உச்சியிலுள்ள புதிய சிலுவையைச் செய்தவர் ஒரு ஆங்கிலேயப் பொற்கொல்லர். அவருடைய தகப்பனார் ட்ரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். வளைந்து நெளிந்த பழைய சிலுவை உள்ளே நிற்கிறது. இந்த மணற்கல்லுக்குக் காலப்போக்கில் தானாகக் கறுக்கும் குணம் உண்டு. இன்னும் சில தலைமுறைகளில் புதுக் கல்லும் பழைய கல்லும் ஒரே நிறமாகிவிடும். எது அசல், எது நகல் என்று இப்போது தெரிகிற வித்யாசம் தற்காலிகமானது. கட்டியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

ட்ரெஸ்டன் சித்திரசாலையில் மறுபடி பெல்லோட்டோ. இங்கே அவன் 1747இல் வந்து அரசவை ஓவியன் ஆனான். 1760இல் பிரஷ்யப் பீரங்கிகள் நகரத்தைத் தகர்த்தபோது அவன் ஊரில் இல்லை. வீடு போயிற்று. திரும்பி வந்து, இடிந்த க்ராய்ஸ்கிர்ஹ தேவாலயத்தை 1765இல் வரைந்தான். முன்பு மாளிகை ஜன்னல்களுக்குக் கொடுத்த அதே நிதானத்தோடு, பாதி பிளந்து நிற்கும் கோபுரத்தையும் ஏணிகளையும் கல் பொறுக்குகிற ஆட்களையும் வரைந்திருக்கிறான். சோகம் என்று காட்ட ஒரு தூரிகை வீச்சுகூட அதிகப்படியாக இல்லை. அந்தப் படத்தின் முன் என் மனைவி வெகுநேரம் நின்றாள். பின்பு பெர்லினில் மாறி வார்ஸா ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், என் நோட்டை வாங்கி, காலிப் பக்கம் ஒன்றில் அவள் வீட்டை வரைய ஆரம்பித்தாள்.

தெருவாசல், தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல். மருமகனாக முப்பது வருஷம் போய்வந்த வீடு. பட்டாசலில் மேற்கே ஒரு ஜன்னல் போட்டாள். மேற்கே ஜன்னல் கிடையாது என்றேன். 'சாயங்கால வெயில் விழுமே, அதில்தானே அப்பா பேப்பர் படிப்பாங்க' என்றாள். அது தார்சா வழியாக வந்த வெயில் என்றேன். போஸ்னான் வரைக்கும் வாக்குவாதம். பதினான்கு வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை. ஜன்னலை அவள் அழிக்கவில்லை.

வார்ஸாவை 1944 எழுச்சிக்குப் பின் ஜெர்மானியர்கள் தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடி வைத்தும் தரைமட்டமாக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். சந்தைச் சதுக்கம் 1953இல் முடிந்தது. கட்டிடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் எடுத்து வைத்திருந்த அளவுப் படங்கள் யுத்த காலத்தில் ஒளித்துக் காப்பாற்றப்பட்டவை. இன்னொரு ஆதாரம் பெல்லோட்டோ. கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1780இல் இங்கேயே இறந்தான். வார்ஸா தெருக்களை அவன் வரைந்த 22 படங்கள் அரண்மனையில் ஒரே அறையில் இருக்கின்றன. தன் கண்ணுக்கு உசிதமென்று அவன் திருத்தி வரைந்த இடங்களும் உண்டு. போதாத செங்கல்லை, போலந்துக்கு வந்து சேர்ந்த பழைய ஜெர்மானிய நகரமான வ்ரோத்ஸ்வாஃபை இடித்துக் கொண்டுவந்தார்கள். முகப்பு பதினெட்டாம் நூற்றாண்டு, உள்ளே தொழிலாளர் குடியிருப்பு. அரண்மனைக் கடிகாரம் 1939 செப்டம்பர் 17 அன்று 11.15க்கு நின்றது, 1974இல் அதே 11.15இலிருந்து ஓடவிட்டார்கள். இத்தனை பொய்யும் சேர்ந்த ஊரை யுனெஸ்கோ 1980இல் பட்டியலில் சேர்த்தது.

பொய் என்ற வார்த்தையை அங்கே நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அழித்தவனுடைய தீர்மானத்தைக் கடைசித் தீர்மானமாக விட மறுத்த காரியம் அது. அதை அலங்காரம் என்று சொல்ல, எதையும் பறிகொடுக்காதவனுடைய சௌகரியம் வேண்டும்.

ஆனால் விஷயம் இத்துடன் முடியவில்லை. மலிவாகக் கிடைத்ததென்று நாங்கள் தங்கியது முரானூஃப் பகுதியில். கட்டிடங்கள் நடைபாதையைவிட உயரத்தில், மேடுகளின்மேல் நின்றன; படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்குத்தான் அது முதலில் உறைத்தது. யுத்தத்துக்கு முன் நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூதர்கள். அவர்களை அடைத்து வைத்த கெட்டோ இங்கே இருந்தது. 1943 எழுச்சிக்குப் பின் அதைச் சுத்தமாகத் தகர்த்தார்கள். அந்த இடிபாட்டை அகற்ற முடியாமல், அதன்மேலேயே, அதை அரைத்துச் செய்த கட்டிகளைக் கொண்டே புதுக் குடியிருப்பு கட்டினார்கள். நாங்கள் ஏறியிறங்கிய படிகளின் உயரம் அந்த இடிபாட்டின் உயரம். இந்தத் தெருக்களை இருந்தது மாதிரியே திரும்பக் கட்ட யாரும் படம் தேடவில்லை. கேட்கக்கூடியவர்கள் உயிரோடு இல்லை.

அன்றிரவு அவள் நோட்டை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'புறவாசல்ல ஒரு சாய்ப்பு உண்டு. நெல் குத்த வாறவ அங்கதான் இருப்பா, அங்கதான் சாப்பிடுவா. நான் போடவே இல்லையே' என்றாள். எனக்கும் அந்த அம்மாள் நினைவிருந்தாள். பேர் இருவருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு மைத்துனரைக் கேட்டோம். மேற்கே ஜன்னல் இருந்தது என்று அவர் அடித்துச் சொன்னார். சாய்ப்பு எதுவும் இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

அவள் புறவாசலுக்கு அப்பால் புள்ளிக் கோட்டில் சின்னதாக ஒரு சதுரம் போட்டாள். அளவு தெரியாததால் புள்ளிக் கோடு. மேற்கு ஜன்னல் முழுக் கோட்டிலேயே இருக்கிறது.