விழக் கற்றபின் விளையாடட்டும்



விளையாட்டைப் பற்றி எழுத மதரஸா ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் வினவக்கூடும். எங்கள் தேவகோட்டையில் பிள்ளையைப் பற்றிய கவலை எதுவாயினும், தாய்மார்கள் வந்து முறையிடும் இடங்களுள் மதரஸாவின் வாயிலும் ஒன்று. சென்ற ஆண்டு வந்த ஒரு தாயின் கவலை எனக்குப் புதியது. என்னிடம் ஓதி, இப்போது சென்னையில் கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் ரக்பி ஆட்டத்தில் சேர்ந்திருந்தான். "ஆளை ஆள் முட்டித் தள்ளுறாங்க, அஜரத். வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவான்" என்றார்.

அறியாத ஒன்றை விலக்கச் சொல்ல என் மனம் இடந்தரவில்லை. விடுமுறையில் வந்த மாணவனிடம், "உனக்கு முதலில் கற்றுத் தந்தது எதை?" என்று கேட்டேன். "விழுறதைத்தான் அஜரத்" என்றான்.

அவன் விளக்கியதைக் கேளுங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரணியின் கோட்டைக் கடந்து தரையில் வைத்தால் 5 புள்ளிகள். கையால் பந்தை முன்னோக்கி எறியக்கூடாது. பின்னால் வரும் தோழனுக்கே தரவேண்டும். நம்மூர்க் கபடியைப் போல இதிலும் பிடி உண்டு. ஆனால் பந்து வைத்திருப்பவனை மட்டுமே பிடிக்கலாம். தோளுக்கு மேலே பிடிப்பது குற்றம்.

பிடிப்பவன் முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, தோளால் அணைத்து, இரு கைகளாலும் சுற்றிப் பற்றவேண்டும். ஓடி வருபவனின் பாதைக்குக் குறுக்கே தன் தலையை நீட்டாமல் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். விழுபவனோ கையைத் தரையில் ஊன்றாமல், முகவாயை மார்போடு சேர்த்து, பக்கவாட்டில் சாயவேண்டும். இதை முதலில் முழந்தாளிட்டும், பின்பு நடந்தும், இறுதியில் ஓடியும் பழக்குவார்கள்.

தமிழ் பேசும் மக்களுக்கு இது முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. அண்டை நாடான இலங்கையில், கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காகப் போட்டியிட்டு வருகின்றன. கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியில் பயின்ற ஃபாஸில் மரிஜா, இலங்கை அணிக்கே தலைமை தாங்கினார். நியூசிலாந்தின் சன்னி பில் வில்லியம்ஸ் இஸ்லாத்தைத் தழுவியபின், 2011, 2015 ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

எனினும் அந்தத் தாயின் அச்சம் வீணன்று. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால், மயக்கம் வராமலும் இருக்கலாம். தலைவலி, தடுமாற்றம், குழப்பம், வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்று அவன் மீண்டும் ஆடலாகாது, மருத்துவரிடம் காட்டவேண்டும். தலையில் அணியும் மென்தொப்பி கீறலைத் தடுக்கும். மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பிவிடக்கூடாது. பல்காப்பு அவசியம்.

ஆகவே அந்தத் தாயிடம் 'வேண்டாம்' என்று சொல்வதற்குப் பதிலாக, பயிற்சியாளரிடம் கேட்க மூன்று கேள்விகளைச் சொல்லி அனுப்பினேன். உங்கள் பிள்ளைக்காக நீங்களும் கேளுங்கள்: போட்டியில் இறக்குமுன் விழவும் பிடிக்கவும் முறையாகப் பழக்குகிறீர்களா? வயதும் எடையும் பார்த்து இணை சேர்க்கிறீர்களா? தலையில் அடிபட்டவனை, ஆட்டம் தோற்றாலும் சரி என்று வெளியே அமர்த்துவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.