ஆல்டெனா: வழிப்போக்கருக்குப் படுக்கை விரித்த ஊர்

ஹாகன் நகரிலிருந்து ஸீகன் செல்லும் ரயிலில் ஏறினால் அரைமணி நேரத்தில் ஆல்டெனா வந்துவிடும். வழியில் லென்னே ஆறு ஒரு சமயம் இடப்பக்கமும் ஒரு சமயம் வலப்பக்கமுமாகக் கூடவே வரும். இருபுறமும் மலை நெருக்குவதால் ஊர் அகலமாக வளரவில்லை, நீளமாக வளர்ந்திருக்கிறது. ஆறு, தண்டவாளம், சாலை, ஒரு கடைத்தெரு. இவற்றுக்கே பள்ளத்தாக்கில் இடம் போதவில்லை. தலைக்கு மேலே பாறை முகட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது.

முதுகுப்பையும் ஒரு நண்பருமாக ஜெர்மனிக்கு வருபவர்கள் பெர்லின், மியூனிக், ஹைடல்பெர்க் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். சாவர்லாந்து மலைப்பகுதியின் இந்தச் சிற்றூர் அவர்கள் திட்டத்தில் இருப்பதில்லை. இருக்க வேண்டும். கையில் அதிகக் காசில்லாமல் ஊர் சுற்றும் இளைஞர்கள் இன்று உலகெங்கும் தங்கும் யூத் ஹாஸ்டல் என்ற ஏற்பாடு பிறந்தது இங்கேதான்.

அதைத் தொடங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். கிழக்குப் பிரஷ்யாவில் 1874-இல் பிறந்த ரிச்சர்ட் ஷிர்மான், முதலில் நிலக்கரிச் சுரங்க நகரமான கெல்சென்கிர்ஷெனில் வேலை பார்த்தார். புகை சூழ்ந்த தெருக்களில் வளரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்கும் வயலுக்கும் அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினார். 1903-இல் ஆல்டெனாவுக்கு மாறி வந்தபிறகும் அதை விடவில்லை. 1909 ஆகஸ்ட் 26 அன்று மாணவர்களோடு ஆகன் நகரை நோக்கிப் பல நாள் நடைப்பயணம் போய்க்கொண்டிருந்தபோது புரோல் பள்ளத்தாக்கில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. அங்கிருந்த ஒரு கிராமப் பள்ளியின் வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். விவசாயி ஒருவர் படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் கொடுத்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே பூட்டிக் கிடக்கின்றன? ஒரு நாள் நடைத்தூரத்துக்கு ஒன்றாக அவற்றை நடைப்பயணிகளுக்குத் திறந்துவைத்தால் என்ன?

யோசனை அந்த இரவோடு போய்விடவில்லை. ஷிர்மான் அதைக் கட்டுரையாக எழுதினார், ஆதரவு திரண்டது. அதே காலத்தில் ஆல்டெனா கோட்டையைப் புதுப்பிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஆல்டெனா அடங்கிய மார்க் சிற்றரசு பிராண்டன்பர்க்–பிரஷ்ய ஆட்சியின் கீழ் வந்த முந்நூறாம் ஆண்டை ஒட்டி, சிதைந்து கிடந்த கோட்டையை எடுத்துக்கட்ட மாவட்ட ஆட்சியர் பிரிட்ஸ் தோமே முனைந்திருந்தார். பழைய இடிபாட்டின் அழகைக் கெடுக்கிறார்கள் என்று கடும் எதிர்ப்பும் எழுந்தது. அந்தக் கோட்டைக்குள்தான் 1912-இல் உலகின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் வந்தது. கருங்கல் சுவருக்குள் மூன்றடுக்கு மரக்கட்டில்கள், சமையலறை, கை கால் கழுவ ஓர் அறை. அன்று போட்ட கட்டில்கள் அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கின்றன. கோட்டைகளில் பீரங்கியையும் கவசத்தையும் பார்த்துச் சலித்தவர்கள், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை படுத்த கட்டிலைப் பார்க்க ஒருமுறை மலையேறலாம். கோட்டை வளாகத்துக்குள் இன்றும் ஒரு ஹாஸ்டல் நடக்கிறது. உறுப்பினர் அட்டை எடுத்துக்கொண்டு, விரிப்பைத் தானே விரித்துத் தானே கழற்றி வைக்கும் பழைய ஒழுங்கோடு அங்கே தங்க முடியும்.

1919-இல் வில்ஹெல்ம் மூன்கருடன் சேர்ந்து ஷிர்மான் இதை நாடு தழுவிய சங்கமாக்கினார். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுச் சங்கங்கள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. ஆனால் இளைஞர் கூடும் இடம் எதையும் நாஜிகள் தம் பிடிக்கு வெளியே விட்டுவைக்கவில்லை. ஹாஸ்டல்கள் ஹிட்லர் இளைஞர் அணியின் கைக்குப் போயின. 1936-இல் ஷிர்மான் பொறுப்புகளிலிருந்து விலக வேண்டியதாயிற்று. போருக்குப் பின் மீண்டும் அதே வேலையில் இறங்கினார், 1961-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது. முதல் உலகப் போரில் வோஜ் மலையில் படைவீரராக இருந்தபோது, 1915 கிறிஸ்துமஸ் அன்று ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் சுடுவதை நிறுத்திவிட்டுக் கைவிடப்பட்ட பதுங்குகுழிகளில் சந்தித்து, வெஸ்ட்பாலியக் கறுப்பு ரொட்டியைக் கொடுத்துப் பிரெஞ்சு ஒயின் வாங்கிக்கொண்டதை அவர் பார்த்தார். எதிரிகளாக ஆக்கப்பட்ட இளைஞர்களுக்குச் சந்திக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து அவரை விடவேயில்லை.

கோட்டைக்கு ஏறப் பழைய செங்குத்துப் பாதை உண்டு. மூட்டுவலிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2014-இல் மலையைக் குடைந்து, நடுவூரிலிருந்து சுரங்கப் பாதையும் லிப்டும் அமைத்தார்கள். ஆட்கள் குறைந்துவரும் ஊர், வருவோரைக் கடைத்தெருவுக்குள் இழுக்க எடுத்த முயற்சி அது.

ஆட்கள் குறைந்த கதைக்கு வேர் கம்பியில் இருக்கிறது. மலையில் இரும்புத்தாது, காட்டில் கரி, ஓடைகளில் சக்கரம் சுழற்றும் நீர். மூன்றும் கிடைத்ததால் இடைக்காலத்திலிருந்தே ஆல்டெனா கம்பி இழுக்கும் ஊர். பொற்கொல்லர் பட்டறையில் இருக்கும் கம்பியச்சு போலத் துளையிட்ட தகட்டின் வழியே இரும்பை இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள். பருமனான கம்பியை இழுக்கும் தொழிலாளி ஊஞ்சல் ஒன்றில் உட்கார்ந்து, காலை உதைத்துப் பின்னே போகும் வேகத்தில் இடுக்கியால் கம்பியை இழுப்பான். வீரர்களின் வளையக் கவசத்திலிருந்து ஊசி வரை எத்தனையோ பொருள்களுக்கு இங்கிருந்து கம்பி போனது. ஊரிலுள்ள ஜெர்மன் கம்பி அருங்காட்சியகம் இந்த உழைப்பை மரியாதையோடு காட்டுகிறது.

பிறகு ஆலைகள் சுருங்கின. 1970-களின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று ஏறத்தாழ 17,000 பேர். கடைகள் மூடின, அடுக்ககங்கள் காலியாயின.

2015-இல் சிரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அகதிகள் வந்தபோது ஆல்டெனாவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் 270 பேர். மேயர் ஆண்ட்ரியாஸ் ஹோல்ஷ்டைன் இன்னும் 100 பேரை அனுப்புங்கள் என்று தாமாகக் கேட்டு வாங்கினார். முகாமில் அடைக்காமல், ஊருக்குள் காலியாகக் கிடந்த வீடுகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். அலுவலகப் படிவம், மருத்துவர், பள்ளிச் சேர்க்கை என்று கூடவே போக உள்ளூர்த் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். 2017-இல் நாட்டின் முதல் தேசிய ஒருங்கிணைப்புப் பரிசை அப்போதைய சான்சலர் அங்கெலா மெர்க்கெல் இந்த ஊருக்கு வழங்கினார்.

எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. 2015 அக்டோபரில் சிரியக் குடும்பங்கள் இருந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள், குற்றவாளிகளில் ஒருவர் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 2017 நவம்பரில் கபாப் கடையில் நின்றிருந்த மேயரின் கழுத்தில் ஒருவர் கத்தியை வைத்தார். பாய்ந்து தடுத்தவர்கள் துருக்கிய வழிவந்த கடைக்காரரும் அவர் மகனும். மேயர் கழுத்தில் கட்டோடு மறுநாளே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஆல்டெனாவைப் பற்றி எழுதுபவர்கள் பரிசை மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால், அந்த ஊர் மக்கள் கொடுத்த விலையைக் குறைத்துச் சொல்வதாகிவிடும்.

இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் ஹாஸ்டலில் ஒரு இரவு, யாராவது உள்ளூர்க்காரர் வீட்டில் ஒரு இரவு என்று தங்குவது நல்லது. அப்படி வீடு தேடித்தரும் இணையதளங்களில் கவுச்சர்பிங் இப்போது பல நாடுகளில் சந்தா கேட்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் பிவெல்கம் இலவசம். சைக்கிளில் வருபவர்களுக்கு டாஹ்கேபர் என்ற ஜெர்மன் ஏற்பாடு உண்டு, அதில் சேருபவர் தன் வீட்டையும் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும். இரண்டு பேராக வருவதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு மணியடிக்க வேண்டும், ரயில் தாமதமானால் சொல்லிவிட வேண்டும். வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. இரவுச் சாப்பாடு பெரும்பாலும் அடுப்பு மூட்டாதது: கறுப்பு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வெள்ளரி ஊறுகாய். சைவர்கள் முன்பே சொல்லிவிட்டால் சங்கடமில்லை. மறுநாள் நாம் ஒரு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொடுத்தால் பேச்சு தானாக நீளும். பத்து மணிக்கு மேல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி பேசக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சில் 2021 ஜூலை வெள்ளம் கட்டாயம் வரும். மலையோடைகள் சாலைகளில் புரண்டு ஓடிய அந்த நாளில், வெள்ளத்தில் சிக்கிய ஒருவரை மீட்ட தீயணைப்பு வீரர் நீரில் அடித்துச்செல்லப்பட்டு இறந்தார்.

மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் ஹாகனிலிருந்து வரும் உள்ளூர் ரயிலுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அதன் விலை பிறகு ஏறியிருக்கிறது, ஆனாலும் ஊர் ஊராகப் போகும் இருவருக்கு லாபமே. திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

நடக்கக் கால் துடிப்பவர்கள் கம்பி வணிகப் பாதையைப் பிடிக்கலாம். லூடன்ஷைட் பருமனான கம்பி, ஆல்டெனா நடுத்தரம், இசர்லோன் மெல்லிய கம்பி என்று மூன்று ஊர்களும் தொழிலைப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் சரக்கு போய்வந்த தடம் அது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். லூடன்ஷைட்டில் காலையில் புறப்பட்டு, இரவு ஆல்டெனாவில் தங்கி, மறுநாள் இசர்லோன் போய்ச் சேர்வது வசதி. நீண்ட நடை வேண்டும் என்பவர்களுக்கு இங்கிருந்து மலைமுகடுகள் வழியே கோர்பாக் வரை செல்லும் சாவர்லாந்து–ஹோகன்ப்ளூக் பாதை இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கி, ஒவ்வொரு இரவுக்கும் படுக்கையை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.