பனிமலையில் சில நாட்கள்

மழையையும் வெயிலையும் மட்டுமே கண்டு வளர்ந்த எனக்குப் பனிமலையைக் காணும் வாய்ப்பு 2019 பெப்ரவரியில் கிட்டியது. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்திருந்த நான், அப்பா அம்மாவுடன் நோர்வேயில் வாழும் சித்தப்பாவிடம் சென்றிருந்தேன். 1987இல் நாட்டை விட்டுச் சென்ற தம்பியை அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே கண்டார்.

பெப்ரவரியில் ஒஸ்லோ பாடசாலைகளுக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை உண்டு. அவ்விடுமுறையில் சித்தப்பா குடும்பத்தோடு, 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்ற லில்லஹமருக்குப் புறப்பட்டோம். ஒஸ்லோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அதனருகே ஹாஃப்யெல் மலையடிவாரத்தில் மரவீடொன்றில் தங்கினோம்.

மறுநாட் காலை வெப்பநிலை மறை 12 பாகை. மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தும் பற்கள் தந்தியடித்தன. ‘ஸ்கீ’ என்னும் சொல்லே நோர்வே மொழியிலிருந்துதான் உலகெங்கும் பரவியதாம். பயிற்சியாளர் முதலிற் கற்பித்தது சறுக்குவதை அன்று, விழுவதை! பக்கவாட்டில் விழ வேண்டும். சறுக்குக் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து எழ வேண்டும். கட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகட்டினால் வேகம் குறையும். கேட்க இலகுவாகவே இருந்தது. நானோ நின்ற இடத்திலேயே விழுந்தேன். ஐந்து வயதுச் சிறுவர்கள் என்னைக் கடந்து பறந்தனர். ஏழாவது முறை விழுந்ததும் கட்டைகளைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தேன்.

சித்தப்பா என் அருகில் அமர்ந்தார்.

“நானும் விழுந்தவன்தான், பிள்ளை. வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே மாரியில் இரண்டு மாதம் சூரியனே உதிக்காது. முதல் மாரியில், வேலைக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி வலக்கை முறிந்தது. தூக்கிவிட ஒருவரும் இல்லை.”

அப்பா திடுக்கிட்டார். “நீ ‘நான் சுகம்’ என்றுதானே அம்மாவுக்கு எழுதினாய்?”

“இடக்கையால் எழுதினேன், அண்ணா.”

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எழுத்துக் கோணிக் கிடக்கிறது, பிள்ளைக்கு என்னவோ என்று அம்மா எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தா! நாங்கள்தான் நம்பவில்லை” என்றார்.

அடுத்த நாள் அப்பாவும் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு வந்தார். பத்தடி செல்லுமுன்பே விழுந்தார். சித்தப்பா ஓடிச்சென்று கைகொடுத்துத் தூக்கினார். இருவரும் சிறுபிள்ளைகளைப் போலச் சிரித்தனர். இருவர் கண்களும் கலங்கியிருந்தன. கடைசி நாளன்று நானும் சிறிய சரிவொன்றில் விழாமல் இறங்கினேன்.

அப்பம்மா இன்று இல்லை. ஆனால் தொலைபேசியில் யாரேனும் ‘நான் சுகம்’ என்று சொன்னால், அந்தக் குரலை இப்போது நான் கவனித்துக் கேட்கிறேன்.