திருப்பணியும் கூலியும்

மயிலாப்பூரில் அவதரித்த வாயிலார் நாயனார் தம் உள்ளத்தையே திருக்கோயிலாக அமைத்து வழிபட்டனர் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அக்கோயிலுக்குச் சுண்ணாம்பும் வேண்டா, கொத்தரும் வேண்டா. புறத்தேயுள்ள கோயிலோ அத்தன்மைத்தன்று. மழையும் கடலோரத்து உப்புக்காற்றும் அதனை நாடோறும் அரிக்கின்றன. அதே மயிலையிற் கபாலீச்சரத்துக் கீழைக்கோபுரம் 1906-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 120 அடி உயரம் எழுந்தது. அதன்மேற் செறிந்துள்ள சுதையுருவங்கள் தேர்ந்தோர் கைபடாது நெடுங்காலம் நில்லா.

அத்தகைய கைகள் இந்நாளில் அருகிவருகின்றன. திருப்பணிக்குப் பொருள் தண்டுதல் எளிது. சாந்து கூட்டத் தெரிந்தவனைத் தேடிப்பிடித்தல் அரிது. மற்றொருபால், தொழிலின்றித் தெருவில் நிற்கும் இளைஞர் தொகையோ குறைந்தபாடில்லை. இவ்விரண்டு குறையும் ஒன்றையொன்று தீர்க்கவல்லன அல்லவோ?

சாந்து கூட்டுதல் யாதென ஒருசிறிது கூறுதல் வேண்டும். சுண்ணாம்பைப் பன்னாள் நீரில் ஊறவிட்டு, மணலொடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அளவறிந்து பெய்து பதப்படுத்துவர். அச்சாந்து சுவரினுட் புகுந்த ஈரத்தை வெளிவிடும் இயல்பினது. சிமெண்டோ ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். அடைபட்ட ஈரமும் உப்பும் பழைய செங்கல்லைப் பொடியாக்கும். மேலே வழவழப்பு, உள்ளே நோய். மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்குதலும் இத்தகையதே. அழுக்கோடு கல்வெட்டெழுத்தும் தேய்ந்துபோம். இவையெல்லாம் பகைவர் செய்த கேடுகளல்ல, அன்பர் அன்பினாற் செய்தவை. அப்பரடிகள் உழவாரப்படை ஏந்தியதன் அருமை ஈண்டு நினைக்கத்தக்கது. கல்லிடுக்கில் வேர்விடும் ஆலையும் அரசையும் கன்றாயிருக்கும்போதே களைதல் எத்துணைப் பெரிய கட்டடக் காப்பு என்பதைத் திருப்பணி செய்தோர் அறிவர்.

கூலிக்குச் செய்வது தொண்டாகுமோ என்று சிலர் ஐயுறுவர். வைகைக் கரையடைக்க வந்திக்காக ஆளாய் வந்த பெருமான் பிட்டினைக் கூலியாகப் பேசியே மண் சுமந்தனர். கூலிபெறுதல் இழிவாயின் அவ்விளையாடல் நிகழ்ந்திராது. அவ்வாள் வேலையைச் சரிவரச் செய்யாது பிரம்படி பட்டதும் அக்கதையிலேயே உளது. கூலியாளுக்குப் பயிற்சி வேண்டுமென்பார்க்கு அதுவும் ஒரு சான்றாகலாம்!

பயிற்றும் முயற்சி நம் நாட்டிற் புதியதன்று. மாமல்லபுரத்தில் 1957-இல் அரசினரால் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர்க் கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து, தந்தைபால் மைந்தன் கற்ற கலையைப் பள்ளியிற் பயிலும் கல்வியாக்கியது. அதன் தலைவராயிருந்த கணபதி ஸ்தபதியார் (1927–2011) வகுத்த முறையில் ஹவாய்த் தீவில் எழுந்த இறைவன் கோயிலுக்கு, பெங்களூரை அடுத்த ஊரிற் சிற்பியர் பல்லாண்டு உளிகொண்டு கல் செதுக்கினர். 2023-இல் அதற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலை மரபு வழுவாது புதுப்பித்தமைக்கு 2024-இல் யுனெஸ்கோ விருது வழங்கிற்று.

வேலையற்றோர்க்கு இப்பணியே வாழ்வளித்தமைக்கு டில்லியில் ஒரு சான்று உளது. அது முகலாய மன்னர் உமாயூனின் கல்லறை. ஆகாகான் அறநிலையத்தார் 2013-இல் அதன் செப்பத்தை முடித்தனர். கூரைமேற் பிற்காலத்தார் கொட்டிய கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்தபோது அது பத்து இலட்சம் கிலோவாயிற்று. மறைந்துபோன வண்ண ஓட்டுத் தொழிலை மீட்க உஸ்பெக்கிஸ்தானத்துக் கைவினைஞரை வரவழைத்து, அயலிலுள்ள நிசாமுதீன் குடியிருப்பின் இளைஞர்க்குக் கற்பித்தனர். கட்டடத்தின் நிழலில் வாழ்ந்தோரே அதனைக் காப்போராயினர்.

மயிலையில் இதனைச் செய்யத் தடை யாது? பயிற்சிக் களத்துக்குக் குறைவில்லை. மாடவீதிகளைச் சூழ்ந்து எஞ்சியுள்ள பழைய மட்டப்பா வீடுகள் பல. தேக்குக் கட்டைமேற் செங்கல்லைச் சாய்வரிசையாகக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பிட்டு அடித்த அத்தளத்தைப் பழுதுபார்க்க வல்லார் இன்று மிகச் சிலரே. சேப்பாக்கத்துக் கலசமகால் 2012-இல் தீயில் எரிந்து பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்றபோது இப்பழந்தொழிலே மீண்டும் தேவைப்பட்டது.

தடை வேறிடத்தது. கபாலீச்சரத்தில் 2004-இலும் 2016-இலும் குடமுழுக்கு நிகழ்ந்தது. பன்னீராண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி, நாள் குறித்துவிட்டு, விரைந்து முடிக்கும் வழக்கில், இடைப்பட்ட ஆண்டுகளிற் பயின்ற கொத்தன் எங்ஙனம் உண்பான்? அடுக்குமாடி வீடுகளின் சிமெண்டு வேலைக்கே செல்வான். அவன் கை சுண்ணாம்பை மறக்கும். சான்றிதழ் மட்டும் அளிக்கும் பயிற்சி, வேலையற்றோரைச் சான்றிதழுடைய வேலையற்றோர் ஆக்குவதன்றி வேறென் செய்யும்?

முன்னையோர் இதனை எண்ணியிருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, ஆடன்மகளிர்க்கேயன்றித் தச்சர் முதலிய கைவினைஞர்க்கும் பங்கு வகுத்து, பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அளக்கப் பணிக்கின்றது. அஃது ஒரு விழாவுக்கான கூலியன்று, நிலையான படி. இன்று அறநிலையத்துறையின்கீழ் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோயில்களும் பிறவும் உள. சில கோயில்களைச் சேர்த்து ஒரு குழுவினர்க்கு ஆண்டு முழுதும் படியளிப்பின், ஐப்பசி மழைக்கு முன்னர்க் கோபுரத்தேறிக் கன்றுகளைப் பறிக்கவும், விண்ட சுதையைச் சுண்ணாம்பிட்டு மூடவும், உடன் ஏறும் இரண்டோர் இளைஞர்க்குக் கைப்பழக்கம் ஊட்டவும் அவர்க்கு நாள் போதாது.