தட்டு சொல்லாத கதை

கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவிலிருந்து தெற்கே போகும் மலைச்சாலை, பிளாக் ஹாக், சென்ட்ரல் சிட்டி என்ற பழைய தங்கச் சுரங்க ஊர்களில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கினால் ஐடாஹோ ஸ்பிரிங்ஸ். இந்தப் பகுதியின் அடையாளமாக வருகிறவர் கையில் கொடுக்கப்படுவது தங்கம் அரிக்கும் தட்டு. ஓடை மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் அடியில் பொன்துகள் மினுங்கும். தனி மனிதன், ஒரு தட்டு, கொஞ்சம் அதிர்ஷ்டம்: இங்கே நடந்ததெல்லாம் இவ்வளவுதான் என்று அந்தத் தட்டு சொல்கிறது. ஊர்களைப் பார்த்த பிறகு அந்தக் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஊர்களை நிற்கவைத்தது கூலிக்குப் பாறை துளைத்தவர்களின் கைத்தொழில். காட்டப்பட வேண்டியதும் அதுதான்.

1859 மே மாதம் ஜான் கிரெகரி இங்கே தங்கம் கண்டார். அரப்பாஹோ, செயென், யூட் மக்களின் நிலத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். கிரெகரியோ சீக்கிரமே தன் உரிமைகளை 21,000 டாலருக்கு விற்றுவிட்டார். மேல்மண்ணில் எளிதாகக் கிடைத்த தங்கம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோனது. ஆழத்தில் இருந்த தங்கம் கந்தகத் தாதுக்களோடு பிணைந்து கிடந்தது. இரும்பு உலக்கைகளால் இடித்துப் பாதரசத்தில் பிடிக்கும் பழைய முறைக்கு அது வசப்படவில்லை. தாதுவில் இருந்த தங்கத்தின் பெரும்பகுதி கழிவோடு போயிற்று. வேதியியல் பேராசிரியர் நத்தானியேல் ஹில் 1868இல் பிளாக் ஹாக்கில் உருக்காலையை இயக்கிய பிறகே ஊர் பிழைத்தது. முதலில் அங்கே உருக்கியதைச் சுத்திகரிக்கக் கடல் கடந்து வேல்ஸின் சுவான்சிக்கு அனுப்பினார்கள். இத்தனை முதலும் உலையும் போக்குவரத்தும் வேண்டியிருந்த தொழிலில் தட்டுக்கு என்ன இடம்?

கைக்குத்தான் இடம் இருந்தது. ஒருவர் எஃகுத் துளைக்கம்பியைப் பாறையில் பிடிப்பார். இன்னொருவர் எட்டுப் பவுண்டு சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் இடையே கம்பியை லேசாகத் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் கம்பி பாறையில் சிக்கிக்கொள்ளும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இது நடக்கும். அடிப்பவரின் குறி தப்பினால் பிடிப்பவரின் கை போய்விடும். துளைகள் எங்கே, எந்தச் சாய்வில், எந்த வரிசையில் வெடிக்கவேண்டும் என்ற கணக்கும் அவர்களுடையதுதான். கணக்குப் பிசகினால் பாறை வேண்டிய பக்கம் பெயராது. வெறும் உடல் வலு இதற்குப் போதாது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பழகியவர்கள் இந்தத் தேர்ச்சியைச் சென்ட்ரல் சிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சாந்து வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கி அவர்கள் எழுப்பிய தாங்குசுவர்கள் இன்றும் மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 1878இல் திறந்த இசைநாடக அரங்கும் அவர்களும் வேல்ஸ்காரர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான். இதே கார்ன்வால்காரர்கள் கோலார் தங்கவயலுக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கீழே பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். பிறகு வந்த இயந்திரத் துளைப்பான் வேலையைத் துரிதமாக்கியது. கூடவே நுரையீரலை அரிக்கும் பாறைத்தூசியையும் கிளப்பியது. துளைக்கம்பியின் நடுவே தண்ணீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கும் கருவியை டென்வரின் ஜார்ஜ் லேனர் கொண்டுவரும்வரை அதற்குத் தீர்வில்லை.

தட்டு இல்லாவிட்டால் குழந்தைகளை எப்படி வரவழைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, முதலில் வந்தவர்கள் தட்டைப் பிடித்ததும் உண்மை. ஆனால் லெட்வில் போன்ற கொலராடோ ஊர்களில் கையால் பாறை துளைக்கும் போட்டி இன்றும் நடக்கிறது. கூட்டம் சேரத்தான் செய்கிறது. தொழிலையே காட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சூதாட்டப் பணம் பற்றிய வாதம் இதைவிட வலுவானது. 1991 முதல் பிளாக் ஹாக்கிலும் சென்ட்ரல் சிட்டியிலும் காசினோக்கள் நடக்கின்றன. அந்த வரியில் ஒரு பங்கு மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் போகிறது. அந்தப் பணத்தால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் பல கட்டடங்களில் தெருமுகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்து மாற்றியிருக்கிறார்கள். முகப்பைக் காத்தால் உழைப்பின் வரலாறும் காக்கப்பட்டுவிடும் என்பதை நான் ஒப்பமாட்டேன். அதிர்ஷ்டத்தை விற்கும் ஊரில் உழைப்பைப் பற்றிய பேச்சு எடுபடாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஐடாஹோ ஸ்பிரிங்ஸின் ஆர்கோ சுரங்கப்பாதை என் வாதத்துக்குக் கடைசிச் சான்று. சென்ட்ரல் சிட்டிச் சுரங்கங்களின் தண்ணீரை வடிக்கவும் தாதுவை வெளியே கொண்டுவரவும் 1893இல் தொடங்கி 1910வரை வெட்டிய பாதை அது. நீளம் ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர். 1943இல் உள்ளே வெடி வைத்தபோது, தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 4 தொழிலாளர்களைக் கொன்றது. அதன்பின் அந்தப் பாதையில் வேலை நின்றுபோனது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அமிலமும் உலோகங்களும் கலந்து அது கிளியர் கிரீக் ஓடையைக் கெடுத்ததால் 1983இல் அமெரிக்க அரசு இந்தப் பகுதியைத் தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. 1998 முதல் ஒரு நிலையம் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து ஓடையில் விடுகிறது. கீழே பல ஊர்களுக்கு அந்த ஓடைதான் குடிநீர். சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு, தட்டைக் கையில் கொடுக்கும் முன்பே, இந்த நிலையத்தையும் இங்கே வேலைசெய்கிறவர்களின் தொழிலையும் காட்டவேண்டும் என்கிறேன். பாறை துளைத்தவர்கள் திறந்துவிட்ட வேலை இன்னும் முடியவில்லை. அதை இப்போது செய்துகொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்.